சி.பி.யூ. ஃபேன் வேகம் பிடித்த கதை

நாக்பூரில் ஏப்ரல் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று ஜன்னலில் மாட்டிய கூலர். இன்னொன்று மேஜைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர். மே மாதம் வெளியே 45 டிகிரி அடிக்கும்போது இந்த இரண்டாவது சத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். உடனே இங்கிருக்கும் நம்மூர்க் குடும்பத்துப் பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி வரும். "அங்கிள், அந்த ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமா சுத்த வைக்க முடியாதா?"

முடியும். நிறைய பேர் செய்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. அந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால், சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கலாமா வேண்டாமா என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். அதனால் இதை ஒரு வரவு செலவுக் கணக்காகத்தான் எழுதப் போகிறேன். கதையும் அடிப்படையில் வரவு செலவுக் கதைதான்.

ஃபேனே இல்லாத காலம்

கம்ப்யூட்டரும் சூடும் கூடவே பிறந்தவை. 1946-ல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் எந்திரத்தில் சுமார் 18,000 வால்வுகள். அது குடித்த மின்சாரம் 150 கிலோவாட். குடித்ததெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அதற்கென்று பெரிய பெரிய ஊதிகளை வைத்துக் காற்றடித்தார்கள்.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்து, டிரான்சிஸ்டர் சுருங்கி சிப் ஆனபோது இந்தத் தொல்லை கொஞ்ச காலம் ஓய்ந்திருந்தது. 1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.யில் இருந்த இன்டெல் 8088 ப்ராசஸரின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதன் தலையில் ஒரு தகடுகூடக் கிடையாது. பவர் சப்ளை பெட்டிக்குள் இருந்த ஒரே ஃபேன் போதுமானதாக இருந்தது. 286, 386 காலம் வரைக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஃபேன் என்றாலே பிடிக்காதவர்களும் இருந்தார்கள். 1980-ல் வந்த ஆப்பிள் 3 எந்திரத்தில் ஃபேன் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். சத்தம் அவருக்கு ஆகாது. விளைவு, உள்ளே சூடேறி சிப்புகள் சாக்கெட்டிலிருந்து நழுவின. எந்திரத்தை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கீழே போட்டால் சிப்புகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று ஆலோசனை சொல்லப்பட்டது கம்ப்யூட்டர் சரித்திரத்தில் பிரபலமான தமாஷ்.

நம் நாட்டில் வேறு வழி கண்டுபிடித்தோம். சிப்பைக் குளிர்விக்காமல் அறையையே குளிர்வித்தோம் :-) சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் பேங்குகளை எந்திரமயமாக்குவது பற்றி அறிக்கை கொடுத்த பிறகு, கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வர ஆரம்பித்தன. மேனேஜர் ரூமில்கூட ஏ.சி. இல்லாத கிளைகளில் மெஷின் ரூமுக்கு ஏ.சி. உண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோயில் கர்ப்பகிரகம் மாதிரி! சிரிப்பாக இருந்தாலும், "உள்ளே போகும் காற்று குளிர்ச்சியாக, சுத்தமாக இருந்தால் பாதிக் கவலை விட்டது" என்ற தத்துவம் அதில் இருந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தலையில் தகடு, தகட்டில் ஃபேன்

திருப்பம் வந்தது 1990-களின் தொடக்கத்தில். 1992-ல் 486 டி.எக்ஸ்.2 66 மெகாஹெர்ட்ஸ் வந்தபோது ப்ராசஸரின் தலையில் அலுமினியத் தகடு ஏறியது. அதுதான் ஹீட் சிங்க். 1993 மார்ச்சில் வந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது. 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள், 66 மெகாஹெர்ட்ஸ் மாடலில் அதிகபட்சம் 16 வாட் சூடு. ஒரு சிறிய நைட் லேம்ப் அளவுதான். ஆனால் அது நகக்கண் அளவு சிலிக்கானில் இருந்து கிளம்புகிறது என்பதுதான் சங்கதி. தகட்டின் மேல் ஒரு குட்டி ஃபேன் வந்து உட்கார்ந்தது. அப்புறம் இறங்கவே இல்லை.

இந்த ஃபேனைப் பற்றி நாலு வரி. நம் வீட்டு சீலிங் ஃபேன் ஏ.சி. கரண்டில் ஓடுவது. இது 12 வோல்ட் டி.சி.யில் ஓடுவது. உள்ளே கார்பன் பிரஷ் கிடையாது. வட்டமான காந்தம் இறக்கையோடு ஒட்டியிருக்கும், நடுவில் காயில் நிலையாக இருக்கும். காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு ஹால் சென்சார் பார்த்துச் சொல்ல, அதற்கேற்ப காயிலில் மின்சாரம் மாறி மாறிப் பாயும். இரண்டு வயர் போதும், ஓடும். மூன்றாவது வயர் இருந்தால் அது வேகம் சொல்லும் வயர். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும், மதர்போர்டு அதை எண்ணிக்கொள்ளும். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். ஏறக்குறைய நேர் விகிதம்.

149 டாலரும் 669 டாலரும்

இப்போதுதான் காமர்ஸ் மாணவன் உள்ளே நுழைகிறான்.

1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே நாளில் இரண்டு சரக்கைக் கடைக்கு அனுப்பியது. செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், விலை 669 டாலர். (மொத்தமாக 1000 வாங்கும்போது ஒன்றின் விலை.) ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்று. ஆனால் அந்த மலிவுச் செலரானில் 128 கே.பி. கேஷ் மெமரி சிப்புக்குள்ளேயே, ப்ராசஸரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-ல் கேஷ் பெரிது, ஆனால் தனியாக வெளியே, பாதி வேகத்தில்.

செலரானின் 300 எப்படி வந்தது? மதர்போர்டின் 66 மெகாஹெர்ட்ஸை 4.5-ஆல் பெருக்கிய கணக்கு. 4.5 என்பது சிப்பில் பூட்டப்பட்டது, மாற்ற முடியாது. ஆனால் 66 என்பது மதர்போர்டின் கையில். அபிட் பி.ஹெச்.6 மாதிரியான போர்டுகளில் மெனுவில் போய் அதை 100 ஆக்கினால், 4.5 தடவை 100, ஆக 450! பெரும்பாலான சிப்புகள் அடம்பிடிக்காமல் ஓடின. 149 டாலர் கொடுத்து 669 டாலர் சரக்குக்கு நிகரான ஓட்டம். ஓவர்கிளாக்கிங் என்ற பழக்கம் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அது ஹாஸ்டல் அறை வரைக்கும் போனது இந்தச் செலரானால்தான்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஒரே உற்பத்தி வரிசையில் வரும் சிப்புகளைச் சோதித்துத் தரம் பிரித்து, சந்தைக்கு ஏற்ப விலை ஒட்டுகிறார்கள். மலிவு விலைச் சீட்டு ஒட்டியதில் பலவற்றுக்கு அதைவிடத் தெம்பு உண்டு. அந்த விலைச் சீட்டுக்கும் உண்மையான தெம்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் பையன்கள் புகுந்தார்கள். புகுவதற்கு டிக்கெட் சூட்டைச் சமாளிப்பது. செலரான் 300ஏ சாதாரணமாகக் கக்கிய சூடு 20 வாட்டுக்குள். வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் சூடும் ஒன்றரை மடங்கு. அடம்பிடிக்கும் சிப்புக்கு வோல்ட்டையும் கொஞ்சம் ஏற்றினால் சூடு இன்னும் வேகமாக ஏறும், ஏனென்றால் அது வோல்ட்டின் வர்க்கத்தில் உயரும். ஆகவே பெரிய தகடு, வேகமான ஃபேன். சில டாலர் ஃபேன் ஐந்நூறு டாலரை மிச்சப்படுத்திக் கொடுத்தது. இந்த லாபத்தைப் பார்த்தவன் எவன் சும்மா இருப்பான்?

7000 சுற்று

2000 மார்ச்சில் ஏ.எம்.டி.யும் இன்டெல்லும் இரண்டு நாள் இடைவெளியில் 1000 மெகாஹெர்ட்ஸ் கோட்டைத் தாண்டின. அதற்குப் பிறகு நடந்தது பந்தயம். 2001 ஜூனில் வந்த ஏ.எம்.டி. அத்லான் 1.4 கிகாஹெர்ட்ஸ் 72 வாட் கக்கியது. எட்டு வருஷத்தில் 16 வாட் 72 வாட் ஆனது, ஆனால் தகட்டின் மேல் ஃபேன் மாட்ட இருந்த இடம் அதே 60 மில்லிமீட்டர் சதுரம்தான். இடத்தைக் கூட்ட முடியாதபோது என்ன செய்வது? வேகத்தைக் கூட்டு.

அப்போது புகழ்பெற்றவை தைவானின் டெல்டா ஃபேன்கள். சர்வர்களுக்காகச் செய்யப்பட்டவை. 60 மில்லிமீட்டர் அளவில் நிமிஷத்துக்கு 7000 சுற்றை ஒட்டிய வேகம், 38 கன அடி காற்று. ஜப்பானின் ஆல்ஃபா நிறுவனத் தகட்டின் மேல் இதை ஏற்றி வைப்பதுதான் அன்றைய பெருமை. சத்தம்? மிக்ஸி ஓடும் வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீச்சென்று ஒரே சுருதியில், நாள் முழுக்க.

இந்த ஃபேன்கள் குடித்த மின்சாரமும் அதிகம். மதர்போர்டில் ஃபேன் மாட்டும் அந்தச் சின்ன முள்ளுக்கு ஏதோ கொஞ்சம் மின்சாரம்தான் தாங்கும். பெரிய ஃபேனை அதில் மாட்டியவர்களின் போர்டுகள் கருகின. ஃபேனை நேராக பவர் சப்ளையில் மாட்டு, வேகம் சொல்லும் வயரை மட்டும் போர்டுக்குக் கொடு என்ற வழக்கம் இப்படித்தான் வந்தது.

ஃபேன் நின்றால் என்ன ஆகும் என்பதை 2001 செப்டம்பரில் உலகமே பார்த்தது. டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தை நடத்திய டாக்டர் தாமஸ் பாப்ஸ்ட் (நிஜமாகவே மருத்துவம் படித்தவர்) ஒரு வீடியோ வெளியிட்டார். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸரின் தலையிலிருந்து தகட்டையும் ஃபேனையும் பிடுங்கிவிட்டார். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. சூடு ஏறினால் தானே அடங்கும் புத்தி ஒன்றுக்கு இருந்தது, மற்றதற்கு அப்போது இல்லை. இன்று மே மாதத்தில் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் பட்டென்று அணைகிறதே, அது பழுது இல்லை. அந்தப் பாடத்தின் பலன். கருகாமல் தப்பிக்கிறது.

வேகமாக்க என்னென்ன செய்தார்கள்

கையில் இருக்கும் ஃபேனையே வேகமாக்க அந்தக் காலத்தில் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, வோல்ட்டைக் கூட்டுவது. பல ஃபேன்களின் குறிப்பேட்டில் 13.8 வோல்ட் வரை அனுமதி இருக்கும். அதைத் தாண்டினால் காயில் சூடேறும், உள்ளே இருக்கும் குட்டிச் சுற்றுக்கு ஆபத்து, பேரிங் சீக்கிரம் தேயும். பழைய பவர் சப்ளையில் வெள்ளை வயரில் மைனஸ் 5 வோல்ட் வரும். 12-க்கும் மைனஸ் 5-க்கும் நடுவில் ஃபேனை மாட்டினால் 17 வோல்ட் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த மைனஸ் லைன் அரை ஆம்பியரைக்கூடச் சரியாகத் தாங்காது. கணக்கு சரி, ஜாமீன்தான் போதாது.

இரண்டாவது வழி, தெர்மிஸ்டரை ஏமாற்றுவது. இது சுவாரஸ்யமானது. பென்டியம் 4 டப்பாவோடு வந்த ஃபேனின் நடுமையத்தில் கடுகு அளவில் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். சூடு ஏறினால் இதன் மின்தடை குறையும், ஃபேன் வேகம் பிடிக்கும். முப்பது டிகிரியை ஒட்டி மெதுவாகச் சுற்றி, நாற்பதை ஒட்டி முழு வேகத்துக்குப் போகும். இதை வெட்டிவிட்டு, குறைந்த தடையுள்ள ஒரு ரெசிஸ்டரைச் சால்டர் செய்தால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடும்.

இங்கே ஒரு நுணுக்கம். அந்தத் தெர்மிஸ்டர் அளந்தது ப்ராசஸரின் சூட்டை அல்ல, ஃபேனுக்குள் நுழையும் காற்றின் சூட்டை. குளிர் நாட்டுப் பையன்கள் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்து கொதிக்க விட்டாலும், அறைக் காற்று இருபது டிகிரி என்பதால் ஃபேன் சோம்பலாகச் சுற்றியது. அதனால்தான் அவர்கள் அதை வெட்டினார்கள், அதில் பலனும் இருந்தது. நாக்பூர் மே மாதத்தில் கேபினெட்டுக்குள் காற்று நாற்பதைத் தாண்டியிருக்கும். ஃபேன் ஏற்கெனவே முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அதை வெட்டினால் கிடைப்பது பூஜ்யம், போவது வாரண்டி. அவர்கள் ஊர் வைத்தியம் அவர்கள் ஊர் வியாதிக்கு.

மூன்றாவது வழி, ஃபேனையே மாற்றுவது. 60 மில்லிமீட்டர் தகட்டின் மேல் புனல் மாதிரி ஒரு அடாப்டர் வைத்து 80 மில்லிமீட்டர் ஃபேனை மாட்டினார்கள். இறக்கை பெரிது என்பதால் மெதுவாகச் சுற்றினாலே அதே காற்று வரும், சத்தமும் குறைவு. மூன்றில் புத்திசாலித்தனமானது இதுதான். பிற்பாடு உலகம் போன பாதையும் இதுதான். இன்று கடையில் தனியாக வாங்கும் கூலர்களில் 120 மில்லிமீட்டர் ஃபேன் சர்வ சாதாரணம்.

முப்படி வட்டி

பேங்க்காரன் என்ற முறையில் எனக்குப் பிடித்த பகுதி இது. ஃபேன்களுக்கு மூன்று விதிகள் உண்டு. ப்ளோயர், கூலிங் டவர் என்று வேலை செய்யும் எஞ்சினியர்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

ஒரே ஃபேனை இரண்டு மடங்கு வேகமாகச் சுற்ற வைத்தால் காற்று இரண்டு மடங்கு வரும். அழுத்தம் நான்கு மடங்கு. குடிக்கும் மின்சாரம்? எட்டு மடங்கு. வேகத்தின் முப்படி! சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியும் என்பார்கள். 15 என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

உதாரணம் ஒன்று. 2500 சுற்று ஓடும் ஃபேன் 0.1 ஆம்பியர் எடுக்கிறது, அதாவது 1.2 வாட். அதையே 5000 சுற்றுக்குக் கொண்டுபோனால் 9.6 வாட், 0.8 ஆம்பியர். மதர்போர்டு முள் பொதுவாகத் தாங்குவது 1 ஆம்பியர்தான். போர்டுகள் ஏன் கருகின என்று இப்போது புரிகிறதா?

உதாரணம் இரண்டு. 12 வோல்ட்டை 13.8 ஆக்கினால் வேகம் சுமார் 15 சதவீதம் கூடும், காற்றும் 15 சதவீதம். மின்சாரச் செலவு 52 சதவீதம் கூடும், சத்தம் 3 டெசிபல். 15 ரூபாய் வரவுக்கு 52 ரூபாய் செலவு. இப்படி ஒரு லோன் அப்ளிகேஷன் வந்தால் எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்தக் காற்றாவது முழுப் பலன் தருமா? அதுவும் இல்லை. 70 வாட் ப்ராசஸர், கேபினெட்டுக்குள் காற்று 44 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தகடு, பேஸ்ட், ஃபேன் எல்லாம் சேர்ந்து வாட்டுக்கு அரை டிகிரி ஏற விடுகின்றன என்றால், ப்ராசஸர் இருப்பது 44-ம் 35-ம் சேர்ந்து 79 டிகிரியில். ஃபேனை இரண்டு மடங்கு வேகமாக்கி அந்த அரையை 0.4 ஆகக் குறைத்தாலும் 72-க்குத்தான் வரும். எட்டு மடங்கு மின்சாரமும் மூன்று மடங்கு சத்தமும் கொடுத்து வாங்கியது 7 டிகிரி. (வாட்டுக்கு இத்தனை டிகிரி என்பது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண். கூலருக்குக் கூலர் மாறும்.) எத்தனை வேகமாகச் சுற்றினாலும் அந்த 44-க்குக் கீழே ஃபேனால் கொண்டுபோகவே முடியாது. அடிக்கிற காற்றின் சூடுதான் தரை. தரைக்குக் கீழே இறங்க ஃபேனுக்கு வழியில்லை.

மண்டியிட்ட முதலாளி

பையன்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கற்ற பாடத்தைக் கம்பெனிகளும் கற்றன. கொஞ்சம் அதிக விலை கொடுத்து.

2001 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இன்டெல்லின் பேட் கெல்சிங்கர் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். இதே போக்கில் போனால் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கில் ப்ராசஸர் அணு உலையையும், அப்புறம் ராக்கெட்டின் வாயையும், 2015 வாக்கில் சூரியனின் மேற்பரப்பையும் எட்டிவிடும் என்றார். சொன்னது இன்டெல்லின் ஆள். ஆனாலும் இன்டெல் அதே போக்கில்தான் போனது. ஏன்? கடையில் வாங்குபவன் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?"

1974-ல் ஐ.பி.எம்.மின் ராபர்ட் டெனார்ட் குழு சொன்ன ஒரு விதி அதுவரை எல்லோரையும் காப்பாற்றி வந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் வோல்ட்டையும் சேர்த்துக் குறைக்கலாம், அதனால் அதே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர் வைத்தாலும் சூடு ஏறாது என்பது அதன் சாரம். 90 நானோமீட்டர் அளவுக்கு வந்தபோது அந்த வரம் தீர்ந்தது. வாஷர் தேய்ந்த குழாயில் தண்ணீர் சொட்டுவதுபோல், அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிந்தது. வேலையே செய்யாமல் சூடு.

2004 பிப்ரவரியில் வந்தது பென்டியம் 4-ன் ப்ரெஸ்காட். 3.4 கிகாஹெர்ட்ஸ் மாடல் 103 வாட். அதே வேகத்தில் ஓடிய முந்தைய நார்த்வுட் 89 வாட். புதுசு பழசைவிடச் சூடு! இதற்காகக் கேபினெட், மதர்போர்டு எல்லாவற்றையும் காற்றோட்டத்துக்கு வசதியாக மாற்றி அமைக்கும் பி.டி.எக்ஸ். என்ற புதிய அமைப்பையே இன்டெல் கொண்டுவந்தது. ஆப்பிள் பக்கமும் சுகமில்லை. 2003-ல் வந்த பவர் மேக் ஜி5-க்குள் ஒன்பது ஃபேன்கள். அடுத்த வருஷம் அதன் 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடலுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சியே வைத்தார்கள்.

2004 மே மாதம் ப்ரெஸ்காட்டுக்கு அடுத்து வரவிருந்த டெஜாஸ் சிப்பை இன்டெல் கைவிட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ம் கிடையாது என்று அறிவித்தது. அந்த மாதமே ஆர்லாண்டோவில் நடந்த கூட்டத்தில் இன்டெல் தலைவர் க்ரெய்க் பாரெட், மேடையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு முன்னால் வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். வேடிக்கைதான். ஆனால் இருபது வருஷப் பந்தயம் அங்கே முடிந்தது.

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு லேப்டாப்புக்காக 2003-ல் பென்டியம் எம் என்ற சிப்பைச் செய்திருந்தது. பேட்டரியில் ஓட வேண்டும், சூடாகக் கூடாது என்ற கட்டாயத்தில் பிறந்தது அது. அந்த வழியில் வந்த கோர் 2 டுவோ 2006 ஜூலையில் வெளியானது. அதற்கு முன் இருந்த பென்டியம் டி குடும்பம் 130 வாட் வரைக்கும் போனது. கோர் 2 டுவோ 65 வாட். கிகாஹெர்ட்ஸ் குறைவு, வேலை அதிகம். பி.டி.எக்ஸ். அமைப்புக்கும் அதே வருஷம் விடை கொடுத்தார்கள். சூடே குறைந்தபிறகு அத்தனை காற்று எதற்கு?

செலவைக் கட்டுப்படுத்தாமல் வரவை மட்டும் கூட்டிக்கொண்டே போக முயன்ற குடும்பம், ஒருநாள் உட்கார்ந்து செலவுப் பட்டியலைப் பார்த்த மாதிரி இது.

இன்றைய ஃபேன்

2004-ல் புதிய சாக்கெட்டோடு ஃபேனுக்கு நான்காவது வயரும் வந்தது. வோல்ட் எப்போதும் 12-தான். நான்காவது வயரில் நொடிக்குச் சுமார் 25,000 தடவை ஆன் ஆஃப் சமிக்ஞை போகும். ஆன் நேரம் அதிகமானால் வேகம் அதிகம். இப்போது அளப்பது உள்ளே வரும் காற்றை மட்டுமல்ல, ப்ராசஸரின் சூட்டையே நேராக. ஆகவே இன்று ஃபேனை முழு வேகத்தில் ஓட்டச் சால்டரிங் தேவையில்லை. பயாஸ் மெனுவில் ஃபேன் பகுதியில் போய் முழு வேகம் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

இன்னொரு மாற்றம், ஓவர்கிளாக்கிங்கை ப்ராசஸரே செய்துகொள்கிறது. 2008-ல் இன்டெல் கொண்டுவந்த டர்போ பூஸ்ட் முதல், சூட்டில் இடம் இருந்தால் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும். 2022-ல் வந்த கோர் ஐ9 13900கே உச்சத்தில் 253 வாட் வரை போகும். அதே வருஷத்து ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையின் பெரிய மாடல்கள் 95 டிகிரி வரை போவதை இயல்பாகவே எடுத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆக, பழைய கடன் வாங்கும் பழக்கம் முழுசாகப் போகவில்லை. மறுபக்கம், 2020-ல் வந்த ஆப்பிள் எம்1 மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. நாற்பது வருஷம் முன்பு ஜாப்ஸ் அடம்பிடித்துத் தோற்றது, ஃபேனை வேகமாக்கி அல்ல, சிப்பின் சூட்டைக் குறைத்ததால் நிறைவேறியது.

சரி, நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்?

மேலே பார்த்த கணக்கில் 44 என்று ஒரு எண் வந்தது. அறை 36, கேபினெட்டுக்குள் 44. அந்த எட்டு டிகிரி வித்தியாசத்தில்தான் நமக்கு லாபம் இருக்கிறது. ஃபேனைத் தொடும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை இவை.

தகட்டின் இடுக்குகளில் தூசி அடைத்திருக்கிறதா? நாக்பூர், டெல்லி, அகமதாபாத் மாதிரி ஊர்களில் இரண்டு கோடை தாண்டினால் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். ப்ராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் காய்ந்துவிட்டதா? ஒரு சின்ன ட்யூப் பேஸ்ட் ஃபேனைவிட மலிவு. கேபினெட்டின் முதுகு சுவரில் ஒட்டியிருக்கிறதா? மேஜையின் மூடிய தட்டுக்குள் வைத்திருக்கிறீர்களா? வெளியேறிய சுடுகாற்றையே அது திரும்ப இழுத்துக்கொள்ளும். கேபினெட்டின் பின்பக்கம் காற்றை வெளியே தள்ள ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும், ப்ராசஸர் ஃபேனை விரட்டுவதைவிட அது நல்ல பலன் தரும். கூலர் காற்று நேராக அதன்மேல் அடிக்கும்படி மட்டும் வைக்காதீர்கள். அது ஈரக் காற்று.

இவ்வளவும் செய்த பிறகும் சூடு அடங்கவில்லை என்றால் பயாஸில் டர்போவை அணைத்துவிட்டு இரண்டு மாதம் ஓட்டலாம். விளையாட்டில் கொஞ்சம் வேகம் குறையும், பிள்ளை கொஞ்சம் முறைக்கும். பரவாயில்லை. அதற்கும் பிறகுதான் பெரிய கூலர் வாங்குவது. ஒருவேளை அதை வாங்கினாலும் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். ஃபேன் சூட்டை அழிப்பதில்லை, ப்ராசஸரிடமிருந்து வாங்கி நம் அறைக்குள் விடுகிறது. 250 வாட் கம்ப்யூட்டர் ஓடும் அறையில் 250 வாட் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். அதைத் தணிக்க ஜன்னல் கூலரோ ஏ.சி.யோ கூடுதலாக ஓட வேண்டும், அந்த பில்லும் நம் கணக்கில்தான் வரும். பிள்ளைக்கு அடுத்த கம்ப்யூட்டர் வாங்கும்போது எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்பதோடு எத்தனை வாட் என்றும் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

பி.கு: தூசி தட்டும்போது மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யவும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும், கண்டபடி சுழல விட வேண்டாம். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.